மாமா பேரில் ஒரு வண்டி

என் தோழியின் மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இதைப் படித்துவிட்டு, "பாவம், வயசான மனுஷன், அவருக்க பயம் அவருக்கு" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எங்கள் ஊரில் பலர் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள். என்னைப் பெற்ற அம்மாவே ஆரம்பித்தாள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒருமுறை கேரள எல்லையில் இருக்கும் எங்கள் குன்னத்துகாலிலிருந்து பல்லடம் வரை, மே மாத வெயிலில், வண்டியின் பின்சீட்டில் ஒரு முழுப் பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

தோழி பாறசாலையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்க்கிறாள். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை. லைசென்ஸ் வேண்டுமென்றால் மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். எனக்கும் அவள்தான். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் நாள் நான் வண்டியோடு மைதானத்து வேலியில் போய் விழுந்தபோது, அவள் ஓடிவந்து முதலில் வண்டியைத் தூக்கினாள், பிறகுதான் என்னைத் தூக்கினாள். அன்றைக்குப் போட்ட சண்டைதான் சிநேகமாக முடிந்தது.

அவளுக்கு ஓட்டுவதில் ஒரு வெறி உண்டு. கோடையில் நெய்யாறு அணையில் தண்ணீர் இறங்கும்போது கள்ளிக்காட்டுப் பக்கம் சேறும் மணலுமாகத் தரை வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் ஆராதனை முடிந்து வரும் நேரத்தில் அவள் அந்தச் சேற்றில் வண்டியைச் சறுக்கிச் சறுக்கித் திருப்பிப் பழகிக்கொண்டிருப்பாள். பின்சக்கரம் ஒரு பக்கம் போகும், அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள், வண்டி அவள் பார்த்த பக்கம் வந்து நிற்கும். நான் கரையில் உட்கார்ந்து அவள் பிள்ளைகளுக்கும் என் பிள்ளைகளுக்கும் கடலை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது பார்க்கப் பயமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

அந்த வண்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி, உயரமானது, எடை குறைந்தது. சிட்டி, அதாவது சீட்டு, பிடித்து, இருந்த வளையலையும் விற்று அவள் வாங்கியது. ஆனால் வண்டி அவள் பேரில் இல்லை. மாமா பேரில் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். எங்களுக்கு இது பல் தேய்ப்பது மாதிரி. எல்லை என்பது எங்கள் ஊர்களில் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்துக்கு நடுவே போகிற கோடு. அந்தப் பக்கம் சித்தி வீடு, இந்தப் பக்கம் அத்தை வீடு. கேரளத்தில் வண்டிக்குச் சாலை வரி அதிகம், தமிழ்நாட்டில் குறைவு. அதனால் இங்கே ஒருவர் வண்டி வாங்க நினைத்தால் மார்த்தாண்டத்துக்குப் போய், அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவரின் பேரிலும் விலாசத்திலும் வாங்கி, தமிழ்நாட்டு நம்பரோடு இந்தப் பக்கம் கொண்டுவந்து ஓட்டுவார்கள். பேர் கொடுத்த சொந்தக்காரருக்கு ஒரு வேட்டியும் கால் கிலோ அல்வாவும் கொடுத்தால் காரியம் முடிந்தது. தோழிக்குப் பேர் கொடுத்தவர் அவள் அம்மாவின் அண்ணன். குழித்துறைக்குச் சற்று இந்தப் பக்கம், ரோட்டோரத்தில் வீடு. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்.

நான் மட்டும் என் வண்டியை என் பேரில், முழு வரியும் கட்டி, நெய்யாற்றின்கரையிலேயே வாங்கினேன். ஆபீஸ் போகிறவர்கள் ஓட்டுகிற சாதாரண வண்டி. சேலை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கம்பி வலைகூட உண்டு. அதற்காக நான் பட்ட கேலி கொஞ்சமல்ல. "சர்க்கார் நல்லா இருக்கட்டேன்னு நினைச்சியோ?" என்று என் மைத்துனனே கேட்டான். தோழியும் கேட்டாள். ஊரில் ஒருத்தி வரியை ஒழுங்காகக் கட்டினால் அவளுக்கு ஏதோ மூளைக்கோளாறு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இதிலும் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் இந்தக் கதைக்கு அது இப்போது வேண்டாம்.

தமிழ்நாட்டு நம்பரோடு கேரளத்தில் ஓடினால் சோதனையில் நிறுத்துவார்கள். "ஆருடெ வண்டியா?" என்று கேட்பார்கள். தோழி ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "மாமன்றெ வண்டியா, சாரே" என்பாள். மாமா வீட்டிலிருந்து இப்போதுதான் வருகிறேன், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்பாள். தமிழ்நாட்டுப் பக்கம் போலீஸ் நிறுத்தினால் அதையே தமிழில், "மாமாக்க வண்டியாக்கும்" என்பாள். வாங்கிய நாள் முதல் இரண்டு பாஷையிலும் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் யாராவது "சேச்சி, வண்டி சூப்பர்" என்றால்கூட வாய் தவறி "மாமாக்க வண்டியாக்கும்" என்று சொல்லிவிடுவாள். நான் திட்டுவேன். "ஒனக்க வளையல வித்து வாங்கினதுல்லா? ஒருக்காவது எனக்க வண்டின்னு சொல்லேன்." அவள் சிரித்துக்கொண்டே, "சொன்னா மதியா மக்கா? வரி கெட்டணுமே" என்பாள். மதி என்றால் போதும்.

அப்படியிருக்கும்போதுதான் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு தரிசு நிலத்தில் மண்பாதை போட்டு நடத்தும் பந்தயத்தைப் பற்றி அவள் போனில் பார்த்தாள். பெண்களுக்குத் தனிப் பிரிவு. சொந்த வண்டியில் வந்து கலந்துகொள்ளலாம். பெரிய கம்பெனி ஆட்கள் யாரும் வரமாட்டார்கள், அவளைப் போல வீட்டிலும் வேலையிலும் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர்கள்தான் வருவார்கள். அன்றைக்கே ஓடிவந்து எனக்குக் காட்டினாள். மற்றவர்களுக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுத்தே தன் வயது போய்விடும் என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அதை அவள் வெளியே சொன்னது ஒரே ஒரு தடவைதான், அன்றைக்குத்தான். "ஒரு தடவ மக்கா. ஒரே ஒரு தடவ கோட்டுல நின்னு கொடி விழுறத பாக்கணும். ஜெயிக்காண்டாம்."

லாரியில் வண்டியை ஏற்றிப் போக எங்களுக்கு வழியில்லை. பந்தயத்தில் ஓட வேண்டிய வண்டியையே அவள் ஓட்டிக்கொண்டு வருவது, நான் என் வண்டியில் சாமான்களோடு கூடப் போவது என்று முடிவு செய்தோம். பிள்ளைகளை அம்மாக்களிடம் விட்டோம். வெள்ளிக்கிழமை விடியும்போது கிளம்பினோம்.

எல்லையில் களியக்காவிளையைத் தாண்டியதும் நான் வேகம் பிடித்தேன். அவள் ஹாரன் அடித்து என்னை ஓரம் கட்டினாள்.

"மாமா வீட்டுக்கு கேறாம போனா சரியாகாது மக்கா. வாசல்ல தான் இருப்பாரு."

எங்கள் பக்கம் இது ஒரு சட்டம். சொந்தக்காரர் வீட்டு வாசலைத் தாண்டிப் போக முடியாது. தாண்டினால், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் செய்தி ஊருக்கு வந்துவிடும். ஆகவே பந்தயத்துக்குப் போகும் நாங்கள் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சாயா ஆறுவதற்குள் இரண்டாவது சாயா குடிக்க உட்கார்ந்தோம்.

மாமா எங்கள் இரண்டு பேரின் பேன்ட்டையும் ஷூவையும் பார்த்தார்.

"எங்க மக்களே, இந்த கோலத்துல?"

"பல்லடத்துல வண்டிப் பந்தயம் மாமா. பாக்க போறோம்."

பாக்க. அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அவளைப் பார்த்தேன். அவள் சாயா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், அவள் பொய் சொன்னாள். மாமாவின் கட்சிக்காரர்கள் எல்லாரும் பிற்பாடு தொங்கிக்கொண்டது இந்தப் பொய்யில்தான். நிஜத்தைச் சொல்லியிருந்தால் அவர் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பியிருப்பாரா? அதைக் கேட்டால் எல்லாரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

"பல்லடமா?" என்றார் மாமா. முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்தது பல்லடத்தில். "அப்போ மகளுக்கு ஒரு சக்க கொண்டு போலாமே!"

சக்கை என்றால் பலாப்பழம். மாமா தானே தோட்டத்துக்குப் போய், தட்டித் தட்டிப் பார்த்து, நன்றாக விளைந்த ஒன்றை வெட்டி இறக்கினார். ஒரு கைக்குழந்தையைவிடக் கனமாக இருந்தது. தோழியின் பந்தய வண்டியில் கட்ட இடமில்லை என்பதால் என் பின்சீட்டில் கட்டினார். அதற்குப் பதிலாக என் சாமான் பையை அவள் முதுகுக்கு மாற்றினோம். மரச்சீனிக் கிழங்கு ஒரு பை, நல்லமிளகு ஒரு பொட்டலம், அதுவும் அவள் வண்டியில் ஏறியது. "ஒனக்க வண்டி நல்ல உறப்பான வண்டியாக்கும்" என்று மாமா அவளிடம் சொல்லி அதன் சீட்டைத் தட்டிக்கொடுத்தார். ஒனக்க வண்டி என்றார். என் காதால் கேட்டேன்.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஆரல்வாய்மொழியில் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. பலாப்பழத்தின் முள் என் முதுகில் குத்திக்கொண்டே வந்தது. கோவில்பட்டிக்கு மேல் வெயில் ஏறியதும் பழம் மணக்க ஆரம்பித்தது. மதுரைக்கு அப்புறம் எந்தக் கடையில் நிறுத்தினாலும் ஈக்கள் எங்களை முந்திக்கொண்டு வந்தன. டீக்கடைக்காரர்கள் முதலில் பழத்தைப் பார்ப்பார்கள், பிறகு எங்கள் பின்னால் ரோட்டைப் பார்ப்பார்கள். "ஆம்பளைங்க யாரும் வரலையா?" நான் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பதில் சொன்னேன். ஒட்டன்சத்திரத்தில், "வாறாங்க, நடந்து வாறாங்க" என்றேன். தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் மனம்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

பொழுது சாயும் நேரத்தில் பல்லடத்தில் மாமாவின் மகள் வீட்டில் பழத்தை இறக்கினோம். அவள் பழத்தை முகர்ந்து பார்த்துக் கண் கலங்கிவிட்டாள். நல்ல பெண், எங்களுக்குச் சுடச்சுடச் சோறு போட்டாள். என் முதுகில் சட்டையோடு சேர்த்துப் புள்ளி புள்ளியாகத் தடம் விழுந்திருந்தது.

மறுநாள் காலை பந்தய மைதானம். பனைமரங்களுக்கு நடுவே செம்மண் பாதை, தண்ணீர் லாரி ஒன்று அதை நனைத்துக்கொண்டிருந்தது. தோழி பாதையை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்து, "கள்ளிக்காட்டு சேறு மாதிரிதான் மக்கா. எனக்கு தெரிஞ்ச சேறு" என்றாள். முகம் பளபளவென்று இருந்தது. வண்டியின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றினாள், டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தாள், பந்தல் போட்டு வண்டிகளைச் சோதிக்கும் இடத்துக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பிரேக்கைப் பார்த்தார், செயினைப் பார்த்தார், ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் ஆர்.சி.யைப் பார்த்தார்.

"வண்டி யாரு பேருல இருக்குதுங்க?"

"மாமாக்க வண்டியாக்கும்" என்றாள் தோழி. நான் சொன்னேனே, பழக்கம். காக்கியோ, மேஜையோ, யார் கேட்டாலும் அவள் வாயில் அதுதான் வரும்.

"மாமா வந்திருக்காருங்களா?"

"இல்ல."

"அப்ப அவரு சம்மதம் வேணுமுங்க. அடுத்தவங்க வண்டிய இதுல ஓட்ட விடமாட்டோம். போன வருஷம் ஒருத்தர் அண்ணன் வண்டிய எடுத்துட்டு வந்து ஒடச்சுட்டாருங்க, பெரிய ரகளை ஆயிருச்சு." அவர் கெட்டவர் இல்லை. சலிப்போடுதான் சொன்னார். "வீடியோ கால்ல வந்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

ஒரு வார்த்தை. தோழி நிம்மதியாகி அங்கேயே நின்றபடி கூப்பிட்டாள். திரையில் மாமாவின் நெற்றியும் ஒரு காதும் தெரிந்தன. அவள் சொன்னாள். திரையில் நெற்றி நகர்ந்து இரண்டு கண்ணும் வந்தன.

"பாக்க போறேன்னுல்லா சொல்லிட்டு போனே?"

"ஆமா மாமா. தப்புதான். நேருல சொல்ல பயமா இருந்துது. ஒரு வார்த்த சொன்னா மதி மாமா. இவரு இங்க நிக்காரு."

"அது எனக்க பேர்ல உள்ள வண்டியாக்கும்" என்றார் மாமா. "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீசு எனக்க வீட்டுக்கில்லா வரும்? பொம்பளப் பிள்ளை சேத்துல விழுந்து கைய கால ஒடிச்சா, வண்டி கொடுத்தவன் நான்னு ஊருகாரன் எனக்க மூஞ்சியிலல்லா துப்புவான்? ஒனக்கு இது என்னத்துக்கு மக்களே? வீட்டுக்கு வா."

"மாமா, நான் காசு குடுத்து வாங்கின வண்டி."

"பேரு ஆருக்கது?"

நான் போனைப் பிடுங்கினேன். அவள் வளையலைச் சொன்னேன், சிட்டியைச் சொன்னேன், நேற்று என் முதுகில் ஏறிய பலாப்பழத்தையும் சொன்னேன். உங்கள் கிழங்கைச் சுமக்கும்போது அது அவள் வண்டி, பந்தயத்தில் ஓட்டும்போது அது உங்கள் வண்டியா என்று கேட்டேன். பந்தலில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா நிதானமாக, "நீ ஆரு மக்களே எங்க குடும்பத்துக்குள்ள?" என்றார். பிறகு, சத்தியமாக, இதைத்தான் கேட்டார்: "சக்க எப்படி இருந்துது? பழுத்துதா?"

நான் போனை அணைத்துவிட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. வேண்டாம் என்று சொன்னதைக்கூட என்றைக்காவது ஒரு நாள் பொறுத்துக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் குரல் இறங்கியதை அவர் தன் காதால் கேட்டார். கேட்டுவிட்டு, பழத்தைப் பற்றி விசாரித்தார்.

தோழி வண்டியைப் பந்தலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்ட் போட்டாள். அழவில்லை. கழற்றிய கண்ணாடிகளை மறுபடி மாட்ட ஆரம்பித்தாள். திருப்புளி வழுக்கி விரலில் பட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

நான் திரும்பப் பந்தலுக்குள் போனேன். "என்ன வண்டி வேணும்னாலும் ஓட்டலாமா?" என்று கேட்டேன். இன்ஜின் அவர்கள் சொன்ன அளவுக்குள் இருந்தால் ஓட்டலாம் என்றார் அவர். நான் என் வண்டியைக் காட்டினேன். சேலைக் கம்பி வலையும் பின்சீட்டில் பலாப்பழப் பிசினும் உள்ள என் வண்டியை. அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இது யாரு பேருலங்க?"

"என் பேர்ல."

"உங்களுக்குச் சம்மதமுங்களா?"

"சம்மதம்" என்றேன். கல்யாணத்தில் பாதிரியார் கேட்டபோதுகூட நான் அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை.

தோழி மாட்டேன் என்றாள். ஒனக்க வண்டி ஒடஞ்சு போகும் மக்கா என்றாள். ஒடையட்டும் என்றேன். நானே கம்பி வலையைக் கழற்றினேன்; கூடையைக் கழற்றினேன்; ஆஸ்பத்திரி ஸ்டிக்கரைச் சுரண்டினேன். மற்ற பெண்கள் இரண்டு பேர் வந்து கூடச் சேர்ந்தார்கள். ஒருத்தி தன் கையுறையைக் கொடுத்தாள்.

அவள் கோட்டில் நின்றாள். கொடி விழுவதைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில், "கேரளாவிலிருந்து வந்திருக்கும் நம்ம சேச்சி!" என்று கத்தினார்கள். நெய்யாற்றின்கரையில் எங்களைத் தமிழர் என்பார்கள், இங்கே சேச்சி. சரி, எதையாவது சொல்லிக் கத்தட்டும் என்று நானும் கத்தினேன்.

நேரான பாதையில் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். என் வண்டிக்கு அவ்வளவுதான் மூச்சு. ஆனால் வளைவு வந்ததும், கள்ளிக்காட்டில் பார்த்த அதே மாதிரி, பின்சக்கரம் ஒரு பக்கம் போக அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று பேரை உள்ளே புகுந்து தாண்டினாள். மறுபடி நேர்ப் பாதை, மறுபடி அவர்கள் தாண்டினார்கள். மறுபடி வளைவு. கூட்டம் முழுக்க அந்தக் குட்டி வண்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் விசில். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசிச் சுற்றின் கடைசித் துண்டு நேர்ப் பாதை என்பதால் அவள் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள்.

வந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் செம்மண், பல் மட்டும் வெள்ளை. மூச்சு வாங்கிக்கொண்டே, "மக்கா, எனக்க வண்டியா இருந்திருந்தா…" என்றாள்.

அங்கேயே நிறுத்திவிட்டாள். பிறகு, "மாமாக்க வண்டியா இருந்திருந்தா" என்று திருத்திச் சொன்னாள்.

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். அவள் அந்த உயரமான வண்டியில், நான் அடிபட்ட என் வண்டியில். திண்டுக்கல்லிலிருந்தே மாமாவிடம் பேச வேண்டியதை நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பேசிப் பேசித் தொண்டை வறண்டது. திருநெல்வேலி வருவதற்குள் அருமையான வசனங்கள் சேர்ந்திருந்தன. அவள் வழி முழுக்க எனக்கு முன்னால் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

நாகர்கோவிலில் வண்டி கழுவும் கடை ஒன்றைப் பார்த்து நிறுத்தினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், அதிலும் சேற்றில் ஓடியது என் வண்டி, கழுவுவது அவள் வண்டியையா? அவள் பக்கத்திலேயே நின்று, ஸ்போக் கம்பி ஒவ்வொன்றாகத் துடைக்க வைத்தாள். பிறகு சாவியிலிருந்து வளையத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அவளிடம் படித்து லைசென்ஸ் எடுத்த பெண்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த வளையம் அது. எனக்கு அப்போதும் புரியவில்லை.

மாமா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே பார்த்து, "ரெண்டு சாயா" என்று குரல் கொடுத்தார். எங்கள் ஆட்களுக்கு இது நன்றாக வரும். வெட்டிப் போட்டுவிட்டு, சாயா கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

நான் வாயைத் திறந்தேன். தோழி என்னைக் கை காட்டி நிறுத்தினாள். வண்டியை முற்றத்தின் உள்ளே, ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கயிற்றுக்குக் கீழே கொண்டுபோய் ஒழுங்காக நிறுத்தினாள். சாவியை எடுத்து அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரின் மேல் வைத்தாள்.

"மாமாக்க வண்டியாக்கும். ஒரு கீறல் இல்லாம கொண்டு வந்து விட்டாச்சு."

மாமா சாவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். நிஜமாகவே பதறிவிட்டார். "என்ன பேச்சு பேசுதே மக்களே? நான் இத வச்சு என்ன செய்ய? அது ஒனக்க வண்டில்லா!"

"இந்த ஒரு வார்த்தையத்தான் மாமா நேத்து கேட்டேன்."

நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை வசனங்களும் அங்கேயே வீணாகிப் போயின. மாமா பேப்பரை மடித்தார், பிரித்தார். சாயா வந்தது, ஆடை படிந்தது, யாரும் எடுக்கவில்லை. தோழி என் வண்டியின் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தாள், பிசின் ஒட்டிய அதே சீட்டில். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அப்போது மாமா கையில் ஒரு பையோடு வாசலுக்கு ஓடிவந்தார். மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது போலிருக்கிறது. "நில்லு, நில்லு. இதுல நாலு மாங்காயும் கொஞ்சம் புளியும் உண்டு. ஒனக்க அம்மைக்கு கொண்டு குடு."

தோழி இறங்கினாள். பையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். முற்றத்துக்குள் நடந்துபோய் அதை அந்த உயரமான வண்டியின் சீட்டில் வைத்தாள்.

"மாமாக்க வண்டியிலேயே கொண்டு குடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்து என் பின்னால் ஏறினாள்.